கம்பளி மூடிய வெப்பமானி

1955 மார்ச் 14, திங்கட்கிழமை.

இன்றைய பிழை: காலை பத்து மணிக்கு மேல்மாடியில் இரண்டு வெப்பமானிகளும் எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டின. இரண்டும் ஒரே அளவு காட்டினால் காற்றில் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் வெளியே நல்ல வெயில். அப்படி இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கண்ணில் பட்டதை எழுதிவிட்டேன். அதை நம்பி டீமேக்கர் ஐயா சூட்டுக் காற்றைக் கூட்டச் சொன்னார். நாலு தட்டுக் கொழுந்து அளவுக்கு மீறி வாடிப் போயிற்று. பிறகு பார்த்தால், யாரோ பலகைக்குப் பக்கத்து ஆணியில் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் முனை ஈரத்துணி சுற்றிய குமிழை மூடியிருந்தது.

நாளைய வேலை: அந்த ஆணியைப் பிடுங்குவது.

கந்தப்பன் பேனாவை மூடி வைத்தான். டிக்கோயாவில் அவன் படிக்கும் மாலை வகுப்பில் நாட்குறிப்பு கட்டாயம். ஒவ்வொரு நாளும் ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வேண்டும், மறுநாளைக்கு ஒரு வேலையைக் குறித்துவைக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் 'பிழை இல்லை' என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். கந்தப்பனுக்கு ஆறு மாதமாக ஒரு நாள்கூட அப்படி எழுத வாய்த்ததில்லை. இருபது வயதில் இத்தனை பிழை செய்கிறவன் அறுபது வயதில் என்ன ஆவான் என்று சில நாள் கணக்குப் போட்டுப் பார்ப்பான்.

ஒத்தப்பாறைத் தோட்டத்து ஸ்டோரில் அவனுக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். பறித்து வந்த கொழுந்தை மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். மழைக் காலத்தில் கீழே அடுப்பறையிலிருந்து சூட்டுக் காற்றை மேலே ஏற்றுவார்கள். அங்கே ஒரு பலகையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் மெல்லிய துணி சுற்றி, துணியின் வாலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டிருக்கும். மணிக்கொரு தரம் இரண்டையும் பார்த்து எழுதுவதுதான் கந்தப்பனின் வேலை.

பிழையை எழுதிவிட்டான். ஸ்டோரின் பொறுப்பாளரான டீமேக்கர் திட்டிய திட்டை எழுதவில்லை.

"ஈரத்துணிய எதுக்குடா சுத்தி வச்சிருக்கு? அழகுக்கா?" என்று கேட்டார் டீமேக்கர். "துணியில இருக்குற தண்ணி காத்தோட போகப் போகத்தான் குமிழு குளிரும். நீ வேர்த்தா ஒனக்குக் குளிருதில்ல, அந்த மாதிரி. அதக் கம்பளியப் போட்டு மூடிப்புட்டா தண்ணி எங்க போகும்? சூடு உள்ளுக்கே நின்னுரும். அப்புறம் அது உசுருள்ள கண்ணாடி இல்ல, பொணம்."

"வேர்வையும் இப்படித்தானுங்களா ஐயா?"

"பின்ன? ஒடம்பு மட்டும் வேற சட்டமா?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார். கந்தப்பன் அந்தக் கம்பளியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். அது யாருடையதோ. ஆனாலும் அதை மறுபடி எங்கேயும் மாட்ட அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவன் தன் கம்பளியால் ஒரு மனிதனை மூடியிருந்தான்.

அந்த மனிதன் மாயாண்டி. தேயிலைச் செடிகளை ஒட்ட நறுக்கும் கவ்வாத்து வெட்டுகிறவன். கந்தப்பனைவிட ஆறு வயது மூத்தவன். ஓட்டத்தில் அவனை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் இருட்டோடு எழுந்து நோர்வூட் வரை ஓடித் திரும்பி, மூச்சு வாங்காமல் பெயர் கொடுப்பான். சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மரதன் ஓட்டத்துக்குப் போன வருஷம் அவன்தான் தோட்டத்தின் ஆள். ஹட்டன் கடைத்தெருவில் தொடங்கி, வட்டவளை, கினிகத்தேனை வழியாக மலையை விட்டிறங்கிக் கித்துல்கலையில் முடியும். மொத்தம் இருபத்திரண்டு மைல். காலை ஒன்பது மணிக்குத்தான் கொடி அசைப்பார்கள்.

"பூராவும் எறக்கம்டா கந்தா. உருட்டிவிட்டாலே போய்ச் சேந்துருவேன்" என்று சிரித்தான் மாயாண்டி.

கினிகத்தேனைக்குக் கீழே ஒரு பலா மர வளைவு. மலைக்காற்று அங்கே நின்றுபோகும். அந்த இடத்தில் தேத்தண்ணியோடு காத்திருக்கும்படி கந்தப்பனை அனுப்பியிருந்தார்கள். மாயாண்டி முதல் ஆளாக வந்தான். உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. களைப்பே தெரியாமல் வருகிறான் என்று கந்தப்பன் கைதட்டினான். அதற்குள் மாயாண்டி பாதையின் குறுக்கே நடந்து, மரத்தில் மோதி நின்றான். கை முழுக்கப் புல்லரித்திருந்தது. பல் கிட்டியது.

"குளுருது கந்தா."

மலையில் பிறந்தவனுக்கு நோய் என்றாலே குளிர்தான். காய்ச்சலோ, இருமலோ, பிள்ளைக்கு வலிப்போ, கம்பளியைப் போர்த்தி, சூடாகப் பால் விடாத சாயத்தண்ணி கொடுப்பார்கள். கந்தப்பனும் அதைத்தான் செய்தான். கூட இருந்தவர்கள் லாரியை மறிக்க ஓடினார்கள். வளைவில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, மாயாண்டி கம்பளியை உதறினான்.

"எரியுது. எடு. எரியுது."

குளிருது என்றவன் எரியுது என்கிறான். அது மாயாண்டியின் குரல் இல்லை, ஏதோ முனிதான் அவன் வாயில் புகுந்து பேசுகிறது என்று கந்தப்பன் நினைத்தான். கம்பளியை இழுத்து மூடினான். மாயாண்டி மறுபடியும் உதறினான். கந்தப்பன் மறுபடியும் மூடி, இரண்டு முனைகளையும் தன் முழங்காலுக்குக் கீழே போட்டு அழுத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மாயாண்டி அடங்கிவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் லாரியிலேயே உயிர் போய்விட்டது.

தோட்டம் முழுக்க, வளைவு முனி அடித்துவிட்டது என்று பேசியது. தேங்காய் உடைக்காமல் தாண்டியதால் வந்த வினை என்றார்கள். கந்தப்பனும் அதை நம்பினான். நம்புவது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

*

மாலை வகுப்பு முடிந்து தோட்டத்துக்குத் திரும்பும் வழி இரண்டு மைல். அந்தியில் மூடுபனி தேயிலைச் செடிகளின் தலைக்கு மேலே வந்து படுத்துக்கொள்ளும். மாயாண்டி செத்ததிலிருந்து அந்த வழியில் கந்தப்பனுக்குப் பின்னால் ஒரு காலடி கேட்கும். வெறுங்கால். ஓடுகிற கால். நெருங்காது, விலகவும் செய்யாது. அவன் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஒரு நாள் அவன் நடந்துகொண்டே எண்ணிப் பார்த்தான். நிமிஷத்துக்கு நூற்றெழுபது. மாயாண்டியின் ஓட்டமும் அந்தக் கணக்குத்தான்.

நாட்குறிப்பில் இதற்குக் கட்டம் இல்லை. அதனால் எழுதவில்லை.

மாயாண்டியை மூடிய கம்பளி அவன் வீட்டு ஆணியில் தொங்கியது. ஒரு வருஷமாக அதைப் போர்த்தவில்லை. மழைக்குச் சாக்கைத்தான் போட்டுக்கொண்டு போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அதைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவள் மாயாண்டியின் அம்மா ராக்காயி.

"எம்புள்ள அனாதையா போகல சாமி. ஒன் கம்பளிக்குள்ளதான் போனான். அந்தப் புண்ணியம் ஒனக்கு இருக்கு" என்று சொல்லி அவன் தலையைத் தடவினாள். அன்றிலிருந்து அவள் தன் லயத்து வரிசை வீட்டில் ரொட்டி சுட்டால் அவனுக்கும் ஒன்று வரும்.

ஸ்டோர் ஆணியைப் பிடுங்கிய அன்று சாயங்காலமும் ரொட்டி வந்தது. கூடவே ராக்காயியும் வந்தாள். மாயாண்டியின் தம்பி லெட்சுமணன் இந்த வருஷம் ஓடப் பெயர் கொடுத்துவிட்டான் என்றாள். அண்ணன் விழுந்த இடத்தைத் தாண்டி ஒரு அடியாவது வைக்காமல் தூக்கம் வராது என்கிறானாம்.

"தடுத்துப் பாக்குறதுதானே பெரியம்மா?"

"அவன் யாரு பேச்சக் கேட்டான்? தேங்கா ஒடைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். இந்த வாட்டி நானே அந்த வளவுல நிக்கப் போறேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன வாட்டி ஒரே ஒரு கம்பளிதானே இருந்துச்சு? அதான் குளுரு விடல. என்னோடது ஒன்னு இருக்கு, ஹட்டனுக்குப் போயி புதுசா ஒன்னு வாங்கியாந்துட்டேன். ரெண்டாப் போத்திப்புட்டா எமன் கூட உள்ள நொழைய முடியாது."

கந்தப்பனுக்குப் புரையேறியது.

"தண்ணி குடி சாமி. யாரோ நெனைக்கிறாங்க" என்றாள் ராக்காயி.

*

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்குத் தன் மேலேயே நம்பிக்கையில்லை. கம்பளி மூடியதைக்கூடக் கவனிக்காமல் அளவு எழுதுகிறவன், ஒரு வெப்பமானியைப் பார்த்துவிட்டு ஒரு சாவுக்குக் காரணம் சொல்வதா? முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

லெட்சுமணனுக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஓட்டத்துக்கு உதவி செய்கிறேன் என்று கந்தப்பன் சொன்னதும் ஒத்துக்கொண்டான். முதல் நாள் கொழுந்து நிறுக்கும் தராசில் அவனைத் தொங்கவிட்டு எடை பார்த்தான். பிறகு மூடுபனிப் பாதையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி நிறுத்தான். ஒன்றேகால் இறாத்தல், அதாவது பவுண்டு, குறைந்திருந்தது.

"என்னடா, கொழுந்து கணக்கா நிறுக்கிறே? தண்ணிக்குன்னு ரெண்டு றாத்தல் கழிச்சிப்புடாதே, பேரு பாதிப் பேராப் போயிரும்" என்றான் லெட்சுமணன், தராசில் தொங்கிக்கொண்டே. ஈரக் கொழுந்துக்கு எடையில் கழிவு பிடித்து, ஒரு நாள் கூலியான முழுப் பேரைப் பாதியாக்குவது மேற்பார்வையாளர்களான கண்டாக்குகளின் வழக்கம்.

அடுத்தது மேல்மாடி. அடுப்பறையில் வேலை செய்யும் சோலைமலை, வகுப்பு இல்லாத நாள்களில் வேலை முடிந்ததும் சூட்டுக் காற்றின் கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவிட ஒத்துக்கொண்டார். ஒரு ஓரத்தில் தட்டுகள் காலியாகக் கிடந்த நீளமான சந்து இருந்தது. அதில்தான் ஓட்டம். கித்துல்கலைச் சூட்டை நாம் போய்ப் பார்க்க முடியாது, இங்கே வரவழைத்துப் பார்க்கலாம் என்பது கந்தப்பனின் கணக்கு.

லெட்சுமணன் இருபது நிமிஷத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான்.

"மூடுபனியில பத்து மைலு ஓடுற காலு இங்க எங்கடா போச்சு?" என்று தன் காலையே அடித்தான்.

சோலைமலை சிரித்தார். "காலு எங்கயும் போகல மாப்ள. அடுப்புக்குப் புதுசா வர்ற ஆளு எவனா இருந்தாலும் மொதக் கெழம ஏழு நாளும் படுத்துருவான். ரெண்டாங் கெழம பாரு, சட்ட நனைய நனைய நின்னு வெறகு தள்ளுவான். ஒடம்புக்கு வேர்க்கக் கத்துக்குடுக்கணும். அது தெரியாமத்தான் ஒங்கண்ணன்..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சூட்டுக் காற்றைத் தள்ளும் காற்றாடியின் சத்தம் மட்டும் மாடி முழுக்க நின்றது. அந்தச் சத்தத்துக்குள் 'எரியுது' என்று ஒரு குரல் கேட்டதாகக் கந்தப்பனுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தான். காலித் தட்டுகளில் சாக்கு அசைந்துகொண்டிருந்தது.

பதினொரு நாள் ஓடவிட்டான். ஒவ்வொரு நாளும் இரண்டு குமிழ்களின் அளவு, ஓடிய நிமிஷம், எடை எல்லாம் எழுதினான். தராசு பிழையாக இருக்குமோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் நிறுத்தான். பதினோராம் நாள் லெட்சுமணன் முழுசாக ஒரு மணி நேரம் ஓடினான். மூன்றரை இறாத்தல் குறைந்திருந்தது. முதல் நாளைவிடச் சீக்கிரமாகவே வேர்வை பொங்கி வந்தது. கால் ஒன்றுதான், நெஞ்சும் ஒன்றுதான். காற்று மாறினால் களைப்பு மாறுகிறது. சந்தேகப்பட இனி இடம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அன்று கந்தப்பன் வீட்டு ஆணியிலிருந்து தன் கம்பளியை எடுத்து வந்திருந்தான். லெட்சுமணன் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, அவனைப் பலகைக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தினான். வெறும் குமிழ் எண்பத்துநாலு. ஈரக் குமிழ் எழுபத்தொன்று. கம்பளி முனையால் ஈரக் குமிழைச் சுற்றி மூடினான். பாதரசம் மெல்ல ஏறியது. எழுபத்தைந்து. எழுபத்தொன்பது. எண்பத்துமூன்றில் கொஞ்சம் தயங்கிவிட்டு, எண்பத்துநாலில் நின்றது.

"இதுதான் ஒங்கண்ணன்" என்றான் கந்தப்பன். "குளுரில்ல லெட்சுமணா. சூடு தலைக்கேறித்தான் அப்படிப் பதறியிருக்கு. நான் போத்தி மூடிட்டேன்."

லெட்சுமணன் வெப்பமானியைப் பார்த்தான். பிறகு கம்பளியைப் பார்த்தான். கந்தப்பனைப் பார்க்கவில்லை.

"கடைசியா அண்ணன் என்னா சொன்னிச்சு?"

"குளுருதுன்னிச்சு."

"வேற?"

"வேற ஒன்னும் சொல்லல."

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. திருப்பி எடுக்க முடியவில்லை.

லெட்சுமணன் நனைந்த சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டான். "தெரிஞ்சா செஞ்சே? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நா சொன்னா, சும்மா அவளத் தேத்துறதுக்குக் கத கட்டுறேம்பா. ரெண்டு கம்பளியோட வந்து நிப்பா."

*

நாட்குறிப்பில் அடுத்தடுத்து எட்டு நாள் 'நாளைய வேலை: ராக்காயி பெரியம்மாவிடம் சொல்வது' என்று இருக்கிறது. எட்டு நாளும் அவன் லயத்து அறையான அவள் காம்பராவின் வாசல் வரை போனான். ஒரு நாள் அவள் மாயாண்டியின் கவ்வாத்துக் கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் புதுக் கம்பளியை வெயிலில் உதறிக்கொண்டிருந்தாள். "வா சாமி" என்று அவள் சொன்னதும் அவன் வேறு ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். அன்றிரவு பிழைப் பக்கத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதுவான்.

இப்படியே ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

பலா மர வளைவுக்கு அவனும் சோலைமலையும் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். இரண்டு வாளி, நாலு பழந்துணி, ஸ்டோர் மூலையில் கிடந்த பழைய வெப்பமானிப் பலகை. பக்கத்து ஓடையில் வாளிகளை நிரப்பி மரத்தடியில் வைத்தார்கள். பத்தரை மணிக்கு ராக்காயி தோட்டத்து லாரியில் வந்து இறங்கினாள். இரண்டு கம்பளியும் தோளில் இருந்தன. மரத்தடியில் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தினாள். மரத்தில் தொங்கிய பலகையைப் பார்த்துக் கும்பிடப் போய், கையை இறக்கிக்கொண்டாள்.

"என்னா சாமி இது? சாமி படமா?"

"சூடு பாக்குறது பெரியம்மா."

"சூட்டப் போயி பாக்கணுமா? அதான் தோலு உரியுதே. குளுரு பாக்குற கண்ணாடி இருந்தாக் கொண்டாந்திருக்கணும் நீ."

"அதான் நம்ம கந்தன் படிச்ச படிப்பு ஆத்தா" என்றார் சோலைமலை. "மழ பேஞ்சா நனையும்னு எழுதி வச்சிக்குவான்."

அவள் சிரித்தாள். கந்தப்பன் பலகையைப் பார்த்தான். வெறும் குமிழ் எண்பத்தெட்டு, ஈரக் குமிழ் எண்பத்திரண்டு. மேல்மாடியில்கூட, கம்பளி மூடாதபோது ஈரக் குமிழ் இவ்வளவு ஏறியதில்லை. இலை ஒன்றும் அசையவில்லை. வேர்வையை வாங்கிக்கொள்ள இந்தக் காற்றில் இடமே இல்லை.

"பெரியம்மா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். போன வருஷம் இங்க..."

"அந்தா வாறாங்க!" என்று மேலே யாரோ கூவினார்கள்.

முதலில் ஒரு சிங்கள இளைஞன் போனான். பின்னால் கித்துல்கலைப் பக்கத்து ஆள் ஒருவன். மூன்றாவதாக லெட்சுமணன். உடம்பெல்லாம் வேர்வை மினுங்கியது. கந்தப்பனுக்கு மூச்சு வந்தது. ஆனால் மரத்துக்கு இருபது அடி இருக்கும்போது லெட்சுமணனின் முழங்கால் ஒரு பக்கமாக மடங்கியது. நிமிர்ந்தான். பாதையின் குறுக்கே நடந்தான். பலா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். தோள் புல்லரித்திருந்தது.

"குளுருதும்மா."

ஒரு வருஷம் நின்று, அதே குரல் அதே இடத்திலிருந்து வந்தது போலிருந்தது. ராக்காயி அலறிக்கொண்டு புதுக் கம்பளியை விரித்தாள். கந்தப்பன் வாளியைத் தூக்கி லெட்சுமணனின் தலையில் அப்படியே கவிழ்த்தான்.

"அடப்பாவி!" ராக்காயியின் கை அவன் கன்னத்தில் விழுந்தது. "நடுங்குற புள்ளைக்குப் பச்சத் தண்ணிய ஊத்துறியே, கொல்லப் பாக்குறியா?"

கந்தப்பன் கம்பளியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள்.

"நான்தான் பெரியம்மா மாயாண்டி அண்ணனக் கொன்னேன். முனி இல்ல. இந்த மாதிரித்தான் போத்தி மூடினேன். சூடு வெளிய போக வழியில்லாம செத்திச்சு. இவன மூடாதீங்க. என்ன வேணும்னா அடிங்க, இவன மூடாதீங்க."

அவள் அவனை அடிக்கவில்லை. அவன் சொன்னது அவளுக்குள் இறங்கவேயில்லை போல, கம்பளியை மேலும் இழுத்தாள். மரத்தடியில் சரிந்து உட்கார்ந்த லெட்சுமணன் தன் கால் மேல் விழுந்த கம்பளியை எட்டி உதைத்தான்.

"எரியுது" என்றான். "எடும்மா. எரியுது. ஊத்து."

ராக்காயி நின்றுவிட்டாள். "குளுருதுன்னியே?"

"எரியுதும்மா."

அவள் கையிலிருந்து கம்பளி நழுவியது. ஒரு கணம் அவள் மகனின் நெற்றியில் கையை வைத்தாள். அடுப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இரண்டாவது வாளியை அவளே தூக்கினாள். முழுசாக ஊற்றாமல், குழந்தைக்கு ஊற்றுவது போல உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சோலைமலை ஓடைக்கு ஓடினார். கந்தப்பன் நனைத்த துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, இன்னொரு துணியால் விசிறினான். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார்கள். ஆறு வாளி ஊற்றியிருப்பார்கள். அதற்குள் எத்தனையோ பேர் ஓடிக் கடந்துபோனார்கள்.

லெட்சுமணனின் கண் ஒரு நிலைக்கு வந்தது. யாரையும் தேடாமல் நேராகப் பாதையைப் பார்த்தான். கையை ஊன்றி எழுந்தான். "ஓடல. நடக்குறேன்" என்று சொல்லிவிட்டு, மரத்தைத் தாண்டி வளைவின் மறுபக்கம் நடந்தான். நாற்பது அடி இருக்கும். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, தலையைக் கவிழ்த்து அழுதான்.

மரத்தடியில் ராக்காயியும் கந்தப்பனும் மட்டும் இருந்தார்கள். இரண்டு கம்பளிகளும் சேற்றில் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாயாண்டியும் எரியுதுன்னானா?"

ஈரக் குமிழில் பாதரசம் எண்பத்திரண்டிலேயே நின்றது. கந்தப்பன் அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மேலே லாரியின் ஹாரன் அடித்தது. லாரிப் பக்கத்திலிருந்து சோலைமலை வரச்சொல்லிக் கையசைத்தார். ராக்காயி பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு மகனிடம் போனாள்.

லாரியில் அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

தோட்டத்து வாசலில் இறங்கி அவன் தனியாக லயத்துக்கு நடந்தான். அந்தி. மூடுபனி இறங்கியிருந்தது. பின்னால் காலடி வந்தது. அவன் நின்றான். அதுவும் நின்றது. இந்த முறை அவன் எண்ணவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"நாளைக்குச் சொல்லிர்றேண்ணே" என்றான் பனியைப் பார்த்து.

வீட்டுக்குப் போய் விளக்கை ஏற்றி, நாட்குறிப்பை எடுத்தான்.

1955 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை.

பலா மர வளைவு, காலை பதினொன்றரை: வெறும் குமிழ் 88. ஈரக் குமிழ் 82. காற்று இல்லை. லெட்சுமணன் பிழைத்துக்கொண்டான்.

இன்றைய பிழை: இரண்டு வாளி போதும் என்று நினைத்தேன். ஆறு வேண்டியிருந்தது. இன்னொன்று: ராக்காயி பெரியம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

நாளைய வேலை: காலை ஐந்து மணிக்கு மேல்மாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது. பெரட்டுக்கு முன்னால் ராக்காயி பெரியம்மாவின் காம்பராவுக்குப் போய், ஆமாம், மாயாண்டி அண்ணன் எரியுது என்று சொன்னார், இரண்டு தரம் கம்பளியை உதறினார், நான்தான் விடவில்லை என்று சொல்வது.